கழுவாத சொம்பும் சீம்பால் டார்ட்டும்

போன வாரம் எங்கள் தெருவில் எனக்கு ஒரு கெட்ட பெயர் கிடைத்தது. கொலையும் இல்லை, களவும் இல்லை. பக்கத்து வீட்டுச் சொம்பைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். பதுளையில் இது சிரிக்கிற விஷயம் இல்லை.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்காவைப் பற்றி வாராவாரம் வரும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. எப்படி எழுதுவது? எனக்கே அவரோடு பழக்கம் இல்லையே! கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். பூர்வீகம் கடல் தாண்டித் திருச்சிப் பக்கம். மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். மருமகள் வள்ளி அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறாள். பொன்னம்மாக்கா இவர்கள் இருவரையும் பார்த்துக்கொள்கிறார். பின்கட்டில் ஒரு சிவலைப் பசு நிற்கிறது.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு மடுல்சீமைத் தோட்டத்தை விட்டு நான் இந்த வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். ஆனாலும் அந்த வீட்டுப் பிள்ளை காலையில் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் நான் வாசல் பக்கம் தலைகாட்டுவதில்லை. தாலி இழந்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாது என்பது ஊர் நம்பிக்கை. யாரும் என்னிடம் சொல்லவில்லை... சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வாராவாரம் படித்துவிட்டு எங்கிருந்தெல்லாமோ எனக்குக் கடிதம் போடுகிறீர்கள். என் தெருவிலோ நான் எழுதுகிறவள் என்பதே யாருக்கும் தெரியாது.

அப்படியிருக்க, புதன்கிழமை காலையில் சுவருக்கு மேலே ஒரு பித்தளைச் சொம்பு எழுந்தது. அதன் பின்னால் வள்ளியின் முகம்.

“பெரியம்மா... மாடு கன்னு போட்டிருக்குங்க. சீம்பாலு. அத்தை குடுக்கச் சொன்னாங்க.”

சீம்பாலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கன்று ஈன்ற பசுவின் முதல் பால். மஞ்சளாக, கையில் ஒட்டுகிற கெட்டியாக இருக்கும். அதைக் காசுக்கு விற்கக் கூடாது. நாலு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அந்த நாலு வீட்டில் என் வீடும் ஒன்றா? சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு சுவரைத் தாண்டி வந்த முதல் பாத்திரம் அது. கண் கலங்கிவிட்டது. ஒரு சொம்பு பாலுக்கா என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரு சொம்பு பாலுக்குத்தான்.

சீம்பால் வந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு ஆவியில் அவிப்பார்கள். நான் வெள்ளைக்காரர் பண்டமான டார்ட் சுடலாம் என்று முடிவு செய்தேன். யார்க்ஷயர் டார்ட்.

‘ஆரம்பித்துவிட்டாள்’ என்கிறீர்களா? கேட்கிறது. கித்துள் மரத்துப் பாகில் ட்ரீக்கிள் டார்ட் செய்வது எப்படி என்று முன்பு எழுதியபோது, பசறையிலிருந்து ஒரு அம்மாள் அதை இட்லிப் பானையில் அவித்துப் பார்த்துவிட்டு, “பசை மாதிரி வந்திருக்கிறது, இனி என்ன செய்வது?” என்று கேட்டிருந்தார். கிழிந்த புத்தகம் ஏதாவது இருந்தால் ஒட்டிக்கொள்ளுங்கள் அம்மா, வேறென்ன சொல்ல!

சரி, சொம்புக்கு வருகிறேன். பாலைச் சட்டியில் ஊற்றிவிட்டு, சொம்பைத் தேய்க்கப் புளியை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. புளியைத் திரும்ப வைத்தேன். சொம்பின் உள்ளே மஞ்சள் படிந்தபடியே இருக்க, அதன் மேல் ஒரு கட்டி வெல்லத்தைப் போட்டுச் சுவருக்கு மேலே நீட்டினேன்.

வள்ளி சொம்புக்குள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் சொம்புக்குள் பார்த்தாள். சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் பொன்னம்மாக்காவின் குரல். அவர் மெதுவாகப் பேசினாலே தெருமுனை வரைக்கும் கேட்கும். அன்று மெதுவாகவும் பேசவில்லை.

“கழுவாமயா குடுத்தா? கன்னு போட்ட வூட்டுச் சொம்ப எச்சிலாட்டம் குடுக்குறாளே, என்ன பொம்பள இவ? தனியாக் கெடக்குறாளே, பாவம்னு குடுத்தேன் பாரு... என்னச் சொல்லணும்!”

எச்சில் என்றது கூடச் சுடவில்லை. ‘பாவம்’ என்றது சுட்டது.

ஏன் அப்படிச் செய்தேன்? அதைச் சொல்ல மடுல்சீமைக்குப் போக வேண்டும். இப்போது தெமோதரைப் பக்கமெல்லாம் ரயில் பாதை என்று பேசுகிறார்கள். மடுல்சீமைக்கு அன்றைக்கு வண்டித்தடம்தான், மழை பெய்தால் அதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். எங்கள் வீடு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே. கீழே தொழிலாளர் குடியிருந்த லயங்கள், மேலே துரையின் பங்களா. லயத்துப் பெண்கள் விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலையேறினால் பொழுது சாயத்தான் இறங்குவார்கள். வழியில் பார்த்தால், “கும்பிடுறோங்க கிளாக்கரம்மா” என்று ஒதுங்கி நிற்பார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்றால் பயந்து ஓடுவார்கள். மேலே பங்களாவுக்கு நான் போக முடியாது. அது நடக்காத காரியம். ஆக, என்னோடு உட்கார்ந்து பேச அந்த மலையில் ஒரு பெண் கிடையாது.

பதுளையில் அப்பாவின் கடைக்கு மேலே, வண்டிச் சத்தத்திலும் மூட்டைக்காரர் சத்தத்திலும் வளர்ந்தவள் நான். மிஷன் ஸ்கூலில் நாலு எழுத்து இங்கிலீஷும் படித்தவள். அந்த மலையில் எனக்குக் கேட்டதெல்லாம் காற்றும் ஆபீஸ் மணியும்தான். ஒருநாள் பிற்பகல், பொங்கி வழிந்த சோற்றுப் பானையைப் பார்த்து “இரு, இரு, வர்றேன்” என்றேன். அன்று காலையிலிருந்து நான் பேசிய முதல் பேச்சு அது. பயந்துபோனேன்.

அந்தச் சமயத்தில் பங்களாவுக்குப் புதுத் துரைசானி வந்தாள். இப்போதும் ‘வந்தார்’ என்று எழுதத்தான் கை போகிறது. இந்த ஒரு வாரம் ‘அவள்’ என்றே எழுதிக்கொள்கிறேனே.

தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு வெள்ளைத் தொப்பி நகர்வது என் ஜன்னலிலிருந்து தெரியும். காலையில் இந்தக் கோடிக்கு நடக்கும். மாலையில் அந்தக் கோடிக்கு நடக்கும். அதைப் பார்க்க யாரும் வந்ததில்லை. பக்கத்து வெள்ளைக்காரி வீடு என்றால் அடுத்த மலையைத் தாண்ட வேண்டும்.

ஒரு காலையில் பங்களா குசினியில் சமைக்கும் சவரிமுத்து என் வாசலில் வந்து நின்றார். கையில் நீலப்பூப் போட்ட வெள்ளைப் பீங்கான் ஜக்.

“துரைசானி குடுத்துவிட்டாங்கம்மா. பங்களா மாடு கன்னு போட்டுச்சுங்க. அவங்க ஊர்ல இத அக்கம்பக்கத்துக்குக் குடுக்கணுமாம். அக்கம்பக்கம்னா இங்க யாரு இருக்கா? நீங்கதான்.”

உள்ளே பார்த்தால் சீம்பால்! வெள்ளைக்காரிக்கும் இது தெரியுமா? விற்காமல் கொடுக்க வேண்டும் என்றுகூடத் தெரியுமா? ஏழு கடல் தாண்டியும் பசு பசுதானே. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாலை அவித்தேன். ஜக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, புதுசா பழசா என்று கேட்கும்படி ஆக்கினேன். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதே, அதில் கற்கண்டு நிரப்பினேன். சவரிமுத்துவிடம் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நானே மேடேறிப் போனேன்.

குசினி வாசலுக்கு அவளே வந்தாள். என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். சிரித்தபடி வந்தவள், ஜக்கைப் பார்த்ததும் சிரிப்பு மாறி நின்றாள்.

“நீ கழுவு? ஏன் கழுவு?” என்றாள் தமிழில்.

அவளுடைய தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். துரைமார் வேலை வாங்குவதற்காகப் படிக்கிற தமிழ் அது. ‘வா’, ‘போ’, ‘எடு’, ‘கொண்டா’ — எல்லாமே அதட்டல். ஒருவரை வாங்க என்று அழைப்பதற்கோ, சௌக்கியமா என்று கேட்பதற்கோ அதில் வார்த்தையே கிடையாது. நான் இங்கிலீஷில் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் கை பட்டுத் தேய்த்தது பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேறெப்படி எடுத்துக்கொள்வது? இறங்கி வரும்போது அந்த நல்ல சேலை என் மேல் பாரமாக இருந்தது. இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சவரிமுத்து வந்தார். “கன்னு கழிச்சல் கண்டு கெடக்குதும்மா. எந்திரிக்க மாட்டேங்குது. துரைசானி ஒரே அழுவ. நீங்க ஜக்கக் கழுவிட்டீங்களாம், அதனாலதானாம்.”

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவள் ஊரில் சீம்பால் வந்த பாத்திரத்தைக் கழுவாமல் திருப்ப வேண்டுமாம். கழுவினால் கன்றுக்கு ஆகாது! நம் ஊரில் கழுவாமல் கொடுத்தால் மரியாதை கெட்டது. இதைப் போய் நான் எப்படிக் கண்டேன்?

மறுபடியும் மேடேறினேன். இந்த முறை நல்ல சேலை கட்டவில்லை. கன்று மாட்டுக்கொட்டகையில் சாக்கு மேல் கிடந்தது. அவள் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்த மிஷன் ஸ்கூல் இங்கிலீஷில் சொன்னேன்: எங்களில் அழுக்குப் பாத்திரம் கொடுப்பது அவமானம், உங்களை மதித்துத்தான் தேய்த்தேன், உங்கள் கன்று சாக வேண்டும் என்று நான் நினைப்பேனா? சொல்லிக்கொண்டே வந்தவள் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். கன்று எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தது.

கன்று பிழைத்துக்கொண்டது. அளவுக்கு மீறிப் பால் குடித்ததுதான் காரணம் என்று மாட்டுக்காரர் சொன்னார். அது தள்ளாடி எழுந்து நின்றதும் துரைசானி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். ஒரு முக்காலியைக் காட்டினாள்.

“உக்காரு!” என்றாள், அதட்டி.

அந்த மலைக்குப் போன பிறகு என்னை உட்காரச் சொன்ன முதல் பெண் அவள்தான். அதட்டினால் என்ன? உட்கார்ந்தேன்.

அன்று அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் யார்க்ஷயர் டார்ட். கோதுமை மாவில் வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்து, சில்லென்ற தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். தட்டில் பரப்பி அதற்குள் சீம்பால். முதல் நாள் பால் என்றால் கல்லாக இறுகிவிடும், கொஞ்சம் சாதாரணப் பால் கலக்க வேண்டும். சர்க்கரை, திராட்சை வற்றல், சாதிக்காய்த் தூள். முட்டை வேண்டாம், சீம்பால் தானே இறுகிக்கொள்ளும். சாதாரண நாளில் பாலைத் திரிய வைத்து, அந்தத் திரளில் முட்டை அடித்துச் செய்வார்களாம். மாவு பிசைகிறவளின் கை மட்டும் குளிர்ந்திருக்க வேண்டும், சூடான கை வெண்ணெயை உருக்கிவிடும்.

என் கையைத் தொட்டுப் பார்த்தாள். மடுல்சீமைக் குளிரில் என் கை எப்போதும் சில்லிட்டுத்தான் கிடக்கும். “நல்ல கை! நல்ல கை!” என்றாள். இந்தக் கைக்கு அப்படியொரு பாராட்டு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை.

பிறகு துரை மலைக்குப் போகிற பிற்பகல்களில் சவரிமுத்து வந்து கூப்பிடுவார். ஒருநாள் மேசையில் தூவிய மாவின் மேல் அவள் விரலால் தன் தேசத்தை வரைந்து காட்டினாள். ஒரு புள்ளி வைத்து, இது என் ஊர் என்றாள். கொஞ்சம் கீழே டெர்பிஷயர். அங்கே ஜாமின் மேல் வாதுமைக் கலவை ஊற்றிச் சுடுவார்கள். கீழ்க்கோடியில் சஸெக்ஸ், அங்கே ஒரு முழு எலுமிச்சம்பழத்தை வெண்ணெயோடும் சர்க்கரையோடும் மாவுக்குள் அடைத்து, துணியில் கட்டி அவிப்பார்கள். வெட்டினால் குளம் உடைந்தது மாதிரி சாறு கொட்டும். மாவில் மாட்டுக் கொழுப்புச் சேர்ப்பார்கள் என்றதும் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே வெண்ணெயை எடுத்து வந்தாள்.

நமக்குத் திருநெல்வேலி என்றால் அல்வா மாதிரி, அவர்களுக்கும் ஊருக்கு ஒரு புட்டிங் இருக்கிறது பாருங்கள். நானும் மாவில் ஒரு புள்ளி வைத்தேன், பதுளை. கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு புள்ளி, நான் பார்த்தேயிராத என் அப்பாவின் ஊர். பிறகு அந்த இரண்டு தேசத்தின் மேலேயும் மாவை வைத்து உருட்டிவிட்டாள்.

என் பெயரைக் கேட்டாள். கிளாக்கரம்மா என்றே கேட்டுக் கேட்டு எனக்கே மறந்துபோன பெயர். மீனாட்சி என்றேன். ‘மினாச்சி’ என்றாள். தன் பெயர் ஆலிஸ், அப்படியே கூப்பிடு என்றாள். எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை ‘துரைசானி’தான்.

கடைசி என்பது சீக்கிரமே வந்துவிட்டது.

ஒருநாள் மாலை என் வீட்டுக்காரர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“துரை இன்னிக்கு ஒன்னு சொன்னாரு. கோவமாச் சொல்லல.”

“என்ன சொன்னாரு?”

“பங்களா குசினியில ஆபீஸ்காரங்க வூட்டுப் பொம்பளைங்க உக்காருற வழக்கம் இல்லைன்னாரு.”

“நானா உக்காருறேன்னு போனேன்? அவங்கதானங்க கூப்பிட்டாங்க...”

“எனக்குத் தெரியும் மீனாட்சி. இந்த வேலையும் போச்சுன்னா நாம எங்க போறது, சொல்லு?”

அவர் நல்ல மனுஷர். அவர் குரலில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. நான் போவதை நிறுத்தினேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் வெள்ளைத் தொப்பி பழையபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தது. முன்னே தனிமை மட்டும்தான் இருந்தது. இப்போது யாரோடு பேச முடியவில்லை என்பதும் தெரிந்துவிட்டது... அது இன்னும் மோசம்.

ஆனால் துரை ஒன்றை மறந்துவிட்டார். என்னை வரக் கூடாது என்றார்; ஜக்கை வரக் கூடாது என்று சொல்லவில்லை!

சில நாளில் சவரிமுத்து கையில் நீலப்பூ ஜக் வந்தது, பாலோடு. நான் அதைக் கழுவவில்லை. அவளுக்காக. வெறுமையாகவும் அனுப்பவில்லை. எனக்காக. பால் படிந்த ஜக்கில் ஒரு கட்டி வெல்லம் போட்டு அனுப்பினேன். அடுத்த முறை பாலுக்கு மேலே காகிதத்தில் மடித்த திராட்சை வற்றல் வந்தது. நான் ஏலக்காய் அனுப்பினேன். அவள் ஒரு துண்டு சாதிக்காய். இப்படியே அந்த ஜக் மேட்டிலும் பள்ளத்திலும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் இருந்தோம் என்றும் சொல்ல முடியாது.

ஒரு மழைக்காலக் காலையில் பங்களாப் பக்கமிருந்து பெட்டிகள் இறங்கின. துரைசானிக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, சீமைக்கே அனுப்புகிறார்கள் என்று சவரிமுத்து ஓடிவந்து சொன்னார். முந்தின நாள் வந்த ஜக் என் அடுப்படியில் இருந்தது. கற்கண்டு வாங்கி வரச் சொல்லிக் காத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மூடுபனியில் வண்டி தெரியவில்லை. சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் வளைவில் திரும்பி நின்றுபோனது.

அந்த ஜக் இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. கழுவாமலா வைத்திருக்கிறாய் என்று கேட்கிறீர்களா? கழுவித்தான் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க ஆளில்லாத பாத்திரத்தைக் கழுவினால் என்ன, கழுவாவிட்டால் என்ன?

சரி, புதன்கிழமைக்குத் திரும்புகிறேன். புளியோடு என் கை நின்றது இதனால்தான். பக்கத்து வீட்டுக் கன்று நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அதைச் சுவருக்கு மேலே எப்படிக் கத்திச் சொல்வது?

டார்ட்டைச் சுட்டேன். அடுப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மண்ணெண்ணெய்த் தகரம், கீழேயும் தணல், மேலேயும் தணல். பதுளை வெக்கையில் என் கை இப்போது குளிர்ந்திருப்பதில்லை, மாவு கொஞ்சம் கடினமாகத்தான் வந்தது. ஆனால் சாதிக்காய் வாசனை மட்டும் அப்படியே வந்தது. குசினி, முக்காலி, மாவு மேசை, எல்லாம் வந்தது. எடுத்து வைத்து, ஆறவிட்டு, எட்டுத் துண்டாக வெட்டினேன்.

வெட்டிய பிறகு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆளுக்கு ஒரு தோசை வார்க்கலாம். கைப்பிடி அரிசி போட்டு ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கலாம், தினமும் அதைத்தான் செய்கிறேன். ஒரு ஆளுக்கு டார்ட் சுட முடியாது. அது யாராவது வருவார்கள் என்று நம்புகிறவர்கள் சுடுகிற பண்டம். யாரை நம்பி நான் இதைச் சுட்டேன்?

சுவருக்கு அந்தப் பக்கம் கன்று கத்தியது. என் காது முழுக்க அதனிடம்தான். அந்தக் கன்றுக்கு மட்டும் ஏதாவது ஒன்று என்றால் இந்தத் தெருவில் எனக்கு இனி ஒரு வாசலும் திறக்காது. வந்த ஒரே சொம்பும் கடைசிச் சொம்பாகிவிடும்.

பிற்பகலில் என் வாசலில் நிழல் தட்டியது. பொன்னம்மாக்கா! கையில் அந்தச் சொம்பு. இப்போது பளபளவென்று தேய்த்திருந்தார்.

“கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். எங்க சொம்பு தேய்க்கக்கூட ஆவாத சொம்பாங்க? புளி இல்லன்னா கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனே?”

“கன்னு எப்படி இருக்குக்கா?”

“கன்னுக்கு என்ன? துள்ளுது. நான் சொம்பக் கேட்டா நீங்க கன்னக் கேக்குறீங்க!”

“கன்னுக்காகத்தான்க்கா கழுவல” என்றேன். “உக்காருங்க, சொல்றேன்.”

உட்காரவில்லை. நிலையில் சாய்ந்துகொண்டார். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். ஜக்கை, கழிச்சல் கண்ட கன்றை, முக்காலியை, துரையை, மூடுபனியை. நான் இவ்வளவு நீளமாகப் பேசி எவ்வளவு காலமாகிறது! நடுவில் எப்போதோ அவர் உட்கார்ந்துவிட்டிருந்தார். எப்போது என்று நான் கவனிக்கவில்லை.

“வெள்ளக்காரி சொன்னான்னு நம்ம வழக்கத்த விடுறதா?” என்றார் கடைசியில். குரல் பாதியாக இறங்கியிருந்தது. “போயி ஒரு கடுதாசி போட்டாளா?”

“இல்லக்கா.”

“ம்ம்...” தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது என்ன வாசன? காலையிலேர்ந்து சொவரு தாண்டி வருது.”

ஒரு துண்டு எடுத்து வைத்தேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டார்.

“நம்ம சீம்பாலா இது? இனிப்புப் பத்தல.”

இனிப்புப் பத்தாததை இரண்டாவது துண்டும் சாப்பிட்டு உறுதி செய்துகொண்டார். வள்ளிக்கும் மகனுக்கும் என்று மீதியிலிருந்து நாலு துண்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். வாசல் வரை போனவர் திரும்பினார்.

“இந்தாங்க, நீங்க சொன்னதுக்காவ எல்லாம் நான் மாற மாட்டேன். எங்க வூட்டுலேர்ந்து கழுவாத ஏனம் ஒன்னு வெளிய போவாது. சொல்லிட்டேன்.”

“நான் ஒன்னும் சொல்லலக்கா” என்றேன்.

மறுநாள் காலை. கடைக்குப் போகிறவர்கள் கிளம்பும் நேரம். வழக்கப்படி உள்ளேயே இருந்தேன். சுவர்ப் பக்கமிருந்து வள்ளியின் குரல் கேட்டது. போனால், என் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதில் டார்ட் தூளும் திராட்சையும் ஒட்டியிருந்தன. நடுவில், என் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெல்லக் கட்டி.

வள்ளி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “அத்தை சொல்லச் சொன்னாங்க பெரியம்மா... தட்டக் கழுவ மறந்துட்டாங்களாம்.”

மறந்துவிட்டாராம், பொன்னம்மாக்கா!